வாயத் தொறந்து தூங்குற புள்ள, விரல் சூப்புற புள்ள: உங்க கேள்விக்கு பதில்

கடலூர்ல குழந்தைங்களுக்குப் பல் பாக்குறேன், ஸ்கூல் போற புள்ளைங்களோட அம்மா அப்பா அடிக்கடி கேக்குறதுல சிலதுக்கு இங்க பதில் சொல்றேன்.

பையனுக்கு 8 வயசு, தூங்குறப்ப வாய் தொறந்தே கெடக்கு, குறட்டை வேற. வாய மூடுடான்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு டாக்டர். (மஞ்சக்குப்பம்)

திட்டாதீங்கம்மா, மூக்கு அடைச்சிருந்தா புள்ள வேற எப்படித்தான் மூச்சு விடும்? சளி இல்லாத ஒரு நாள் பாத்து சின்னக் கண்ணாடி ஒண்ண மூக்குக்குக் கீழ படுக்கவெச்சுப் புடிங்க, வாய மூடிக்கிட்டு மூச்சு விடச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் ஆவி படியணும். அப்புறம் ஒரு வாய் தண்ணிய முழுங்காம ஒரு நிமிஷம் வெச்சிருக்கச் சொல்லுங்க, மூக்குல அடைப்பு இருக்குற புள்ள பாதியிலயே திணறித் துப்பிடும்.

நெறைய பேருக்குக் காரணம் அடினாய்டு, மூக்குக்குப் பின்னாடி இருக்குற சதை, இந்த வயசுல பெருசா இருக்கும், டீன் ஏஜ்ல சுருங்கிடும். தானா சரியாகும்னு சில பேர் விட்டுடுறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம், ஏன்னா வாய் தொறந்தே இருந்தா நாக்கு அண்ணத்துல ஒட்டாம கீழயே கெடக்கும், ரெண்டு கன்னமும் அழுத்தி அழுத்தி மேல் தாடை குறுகிடும், பல்லு முளைக்க இடமில்லாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும், அதுக்கப்புறம் சதை சுருங்கினாலும் தாடை தானா விரியாது. அலர்ஜியாவும் இருக்கலாம், தலையணை தூசி, ராத்திரி பூரா புகையுற கொசுவர்த்தி எல்லாத்தையும் பாருங்க. குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு திக்குன்னு முழிக்கிறானா, கிளாஸ்ல தூங்கி வழியுறானா, விட்டுப்போன படுக்கை நனைக்கிறது திரும்ப வந்துருக்கா? இருந்தா தூங்குறப்ப ஒரு வீடியோ எடுத்துக்கிட்டு காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட சீக்கிரம் போங்க, நம்ம ஜிஹெச்சோ பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியோ எங்கன்னாலும் சரி. பல்லுக்கு கிளிப் போடுறத அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல மூக்கு.

ரீல்ஸ்ல வாய்க்கு டேப் ஒட்டிவிட்டா பழகிடும்ங்கிறாங்களே? (முத்தியால்பேட்டை)

வேண்டவே வேண்டாம் சார். மூக்கும் அடைச்சு வாயும் ஒட்டியிருந்தா ராத்திரி வாந்தி வந்தாக்கூட புள்ளைக்கு வழி இல்ல.

பொண்ணுக்கு 7 வயசு, இன்னும் கட்டை விரல் சூப்புறா, வேப்பெண்ணெய் தடவியும் கேக்கல. (நெல்லிக்குப்பம்)

இதே வயசுல ஒரு பாப்பா வந்தா, கைய நீட்டுமான்னேன். வலது கட்டை விரல் மட்டும் தண்ணியில ஊறினாப்ல வெளுத்துப்போயி, முட்டி மேல காய்ப்பு. அம்மா திட்ட ஆரம்பிச்சதும் கைய பாவாடை மடிப்புக்குள்ள ஒளிச்சிக்கிட்டா, எனக்கே மனசு கேக்கல. வேப்பெண்ணெய், மொளகாப்பொடி எல்லாம் அவளுக்குத் தண்டனையாத்தான் தெரியும், பயந்தா இன்னும் அதிகமாத்தான் சூப்புவா.

நாலு வயசு வரைக்கும் பெருசா கவலைப்பட வேண்டாம், ஆனா 6, 7 வயசுல முன்பக்கம் நிலைப்பல்லு வருது, இப்ப விரல் உள்ள இருந்தா மேல் பல்லு முன்னாடி தள்ளிடும், கடிச்சா மேலயும் கீழயும் சேராம நடுவுல சந்து விழும். டிவி பாக்குறப்பவா, தூக்கம் வர்றப்பவா, எப்ப சூப்புறான்னு ஒரு வாரம் கவனிங்க. அந்த நேரத்துல கைக்கு ஒரு வேலை குடுங்க, ராத்திரிக்கு அவ சம்மதிச்சா கையில ஒரு சாக்ஸ் மாட்டுங்க, சூப்பாத நாளுக்கு காலண்டர்ல அவளையே ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்க. அவளுக்கே விடணும்னு ஆசை இருந்தும் முடியலன்னா அண்ணத்துல சின்னக் கம்பி ஒண்ணு வெச்சு விடுவோம், வலிக்காது.

ராத்திரி பல்ல நறநறன்னு கடிக்கிறான், வயித்துல பூச்சின்னு மாமியார் சொல்றாங்க. (பாகூர்)

பெரியவங்க எல்லாரும் சொல்றதுதான், ஆனா பூச்சிதான் காரணம்னு நிரூபணம் ஆகல. பால் பல்லு விழுந்து நிலைப்பல்லு வர்ற வயசுல நெறைய புள்ளைங்க கடிக்கும், பெரும்பாலும் தானா நின்னுடும். பல்லு தேஞ்சு கூச்சம் வந்தாலோ, காலையில தாடை வலின்னு சொன்னாலோ காட்டுங்க, குறட்டையும் சேந்து இருந்தா மூக்கையும் பாத்துடணும்.

நகம் கடிக்கிறதால பல்லுக்கு என்ன ஆகும்? (திருப்பாதிரிப்புலியூர்)

முன்பல்லு ஓரம் தேயும், சில்லு சில்லா பேந்துடும். பூச்சி இந்த வழியாவும் நெஜமாவே வயித்துக்குள்ள போகும், நகத்துக்கு அடியில ஒட்டியிருக்குற முட்டை நேரா வாய்க்கு. வாராவாரம் நகத்த ஒட்ட வெட்டுங்க, ராத்திரியில ஆசனவாய் அரிக்குதுன்னு சொன்னா டாக்டர்கிட்ட கேட்டு வீட்ல எல்லாருக்கும் சேத்தே பூச்சி மருந்து வாங்கிக்குங்க.