பில் வந்ததும் முதலில் நீளும் கை

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 34. பெருநகரத்தில் வேலை. கல்யாணமாகி மூன்று வருடம். சம்பளம் மோசமில்லை, வீட்டுக் கடன் கிடையாது. ஆனாலும் ஒரே வருடத்தில் கிரெடிட் கார்டில் கிட்டத்தட்ட ஒன்றரை மாதச் சம்பளம் அளவுக்குக் கடன் ஏறிவிட்டது. இத்தனைக்கும் குறைந்தபட்சத் தொகையைவிட எப்போதும் கூடுதலாகத்தான் கட்டுகிறேன். வெளியே சாப்பிடுவது ஒன்றுதான் எங்கள் ஆடம்பரம். மாதம் நாலு முறை: இரண்டு நண்பர்களோடு, இரண்டு என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு. நண்பர்கள் தங்கள் பங்கை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். இப்போது ரெஸ்டாரன்ட்டுக்கென்றே ஒரு புது கார்டு, 20 சதவீதம் தள்ளுபடி என்று பேங்கிலிருந்து கூப்பிடுகிறார்கள். வாங்கலாமா? பழைய பாக்கியை 12 மாதத் தவணையாக மாற்றலாமா? மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவதைக் கூட்டினால் கடனைச் சீக்கிரம் அடைக்க முடியுமா? ஊர், தொகை எதையும் வெளியிட வேண்டாம். ஆபீஸில் பலர் இந்தப் பகுதியைப் படிக்கிறார்கள். கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

பதில்: தொகை வேண்டாம் என்கிறீர்கள், சரி. உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு பேசுவோம். நீங்கள் அனுப்பிய தாளையும் அப்படியே மாற்றி எழுதிக்கொண்டேன்.

வீட்டிலேயே சமையுங்கள், செலவைக் குறித்து வையுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. இவ்வளவு சுத்தமாகத் தாள் போட்டு அனுப்புகிறவருக்கு அது தெரியாமலா இருக்கும்? உங்கள் சிக்கல் சாப்பாட்டிலும் இல்லை. பில் வந்ததும் முதலில் நீளும் கை உங்களுடையதாக இருக்கிறது, அதில்தான் இருக்கிறது.

தாளைப் பார்ப்போம். வாடகை 30, பெற்றோருக்கு 10, மளிகை, போக்குவரத்து, போன் எல்லாம் சேர்த்து 35. ஆக 75 போய், கையில் 25 நிற்கிறது. கார்டில் ரெஸ்டாரன்ட் செலவு மாதம் 40. இதில் உங்கள் இருவர் பங்கு 14, நண்பர்கள் பங்கு 18, மச்சான் குடும்பத்தின் பங்கு 8. நண்பர்கள் திருப்பி அனுப்புவது 16 (அந்த 2 யாருடையது என்று உங்களுக்கே தெரியும்). மச்சானிடமிருந்து வருவது பூஜ்யம். அப்படியானால் வெளியே சாப்பிட உங்களுக்கு உண்மையில் ஆகும் செலவு 14 இல்லை, 24.

இருந்தாலும் 25-க்குள் 24 அடங்கிவிடுகிறதே! இறுக்கம்தான், ஆனால் கடனாக வேண்டிய அவசியம் இல்லை. பிறகு எப்படிக் கடன் வந்தது?

40-க்கு பில் வர, நீங்கள் 30 கட்டுகிறீர்கள். குறைந்தபட்சத் தொகையைவிட இது எவ்வளவோ அதிகம் என்பதால் மனசு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் 10 பாக்கி நிற்கிறது, அதன் மேல் உங்கள் ஸ்டேட்மென்ட்படி மாதம் 3 சதவீத வட்டி. 12 மாதத்தில் அசல் 120, வட்டியோடு 142. உங்கள் கடன் தொகையும் அதேதான். மாதம் 3 என்றால் வருடத்துக்கு 36 என்று நினைத்துவிடாதீர்கள், வட்டிக்கு வட்டி சேர்ந்து 42-ஐத் தாண்டும்.

சரி, நண்பர்கள் அனுப்பிய 16 எங்கே? அதுதான் இங்கே திருடன். ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள். போன் டிங் டிங் என்று நாலைந்து தடவை அடிக்கிறது, பணம் வந்துவிட்டது. அது விழுவதோ சம்பளக் கணக்கில். அங்கே விழுந்த நிமிடமே அது 'நண்பர்கள் பங்கு' என்ற பெயரை இழந்து, உங்கள் பணமாகிவிடுகிறது. கார்டு பில்லின் கடைசி தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு ஆன்லைன் ஆர்டர், ஒரு டாக்ஸி, ஒரு பிறந்தநாள் பரிசு. உங்கள் தாளிலேயே 'இதர, ஞாபகமில்லை' என்று மாதம் 6 போட்டிருக்கிறீர்கள். அந்த ஆறோடு ஃபண்டுக்குப் போகும் 5-ஐயும் சேர்த்தால் 11. கார்டில் குறையும் 10-க்கு வேறு விளக்கம் தேவையே இல்லை.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. போன மாத பில்லை முழுதாகக் கட்டினால்தான் கார்டில் வட்டியில்லாத நாட்கள் உண்டு. பாக்கி வைத்துவிட்டால், பெரும்பாலான கார்டுகளில் புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆக, ஐந்து நண்பர்கள் சாப்பிட்டதற்கும் வட்டி கட்டுவது நீங்கள். அவர்கள் தங்கள் பங்கை அன்றிரவே கொடுத்துவிட்டார்கள், அவர்கள் மேல் குற்றமே இல்லை.

இன்றைய தேதிக்கு 142-க்கு மாத வட்டி 4-க்குக் கொஞ்சம் மேல். உங்கள் இருவரின் ஒரு வேளை வெளிச் சாப்பாடு 3.5. மாதம் நாலு தடவை போய்வந்துவிட்டு, ஐந்தாவது தடவைக்கு மேஜையில் உட்காராமலே பில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

'பாயின்ட்ஸ் வருமே என்றுதான் மொத்தத்தையும் என் கார்டில் போடுகிறேன்' என்று தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். செலவில் ஒரு சதவீதம் அளவுக்குப் பாயின்ட்ஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 40-க்கு 0.4. நாலு கொடுத்து அரைகூட வாங்கவில்லை.

உங்களைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம், எனக்கும் அந்தக் கை இருந்தது. முதல் வேலையில் ஒருமுறை பதினோரு பேர் மேஜை. சர்வர் அந்தக் கறுப்பு ஃபோல்டரை நடுவில் வைத்தார். பத்துப் பேரும் ஏதோ முக்கியமான செய்தி வந்த மாதிரி போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். 'நான் பார்த்துக்கறேன், அப்புறம் பிரிச்சுக்கலாம்' என்றேன். சொல்லும்போது ஒரு கெத்து இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இரண்டு பேர் பங்கு இன்னும் வர வேண்டியிருக்கிறது. அவர்களில் ஒருவர் ஓய்வே பெற்றுவிட்டார்.

ஒரு வேடிக்கை தெரியுமா? இந்தக் கார்டு வியாபாரம் பெரிதாகத் தொடங்கியதே ரெஸ்டாரன்ட் மேஜையில்தான். 1950-ல் நியூயார்க்கில் ஆரம்பித்த டைனர்ஸ் கிளப், பெயரே சொல்வதுபோல, சாப்பிடப் போகிறவர்களுக்கான அட்டை. முதலில் வந்தது வெறும் காகித அட்டை. ஆனால் அதில் பாக்கி வைக்க முடியாது, மாதம் முடிந்தால் முழுத் தொகையும் கட்டியாக வேண்டும். 'கொஞ்சம் கட்டு, மீதியைத் தள்ளிப்போடு' என்ற ஏற்பாடு 1958-ல் கலிஃபோர்னியாவில் ஒரு வங்கி கொண்டுவந்த அட்டையோடுதான் பெரிய அளவில் பரவியது. உங்கள் கார்டை நீங்கள் 1950-ன் முறையில் வைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி உங்கள் கேள்விகள். தள்ளுபடி கார்டு வேண்டாம். இவற்றில் பொதுவாகக் குறைந்தபட்ச பில் ஒன்று இருக்கும், தள்ளுபடிக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும், எந்த ரெஸ்டாரன்ட் என்ற பட்டியல் இருக்கும். அதை விடுங்கள், 20 சதவீதம் முழுதாகவே கிடைக்கிறது என்று வையுங்கள். மேஜையில் ஏழு பேர். தள்ளுபடி போக மீதியைத்தான் பிரிப்பீர்கள். ஆகவே தள்ளுபடி ஏழு பேருக்கும், வட்டி உங்களுக்கு மட்டும். அதோடு, 'இவர்கிட்ட அந்த கார்டு இருக்கு' என்று ஆகிவிட்டால் இனி எந்த மேஜையிலும் ஃபோல்டர் உங்களைத் தேடித்தான் வரும். இந்த மாதிரி அழைப்புகளை எடுப்பதையே நிறுத்துங்கள். கடனில் இருப்பவரிடம் கடன் வாங்கும் கருவியை இன்னொன்று விற்க வருகிறார்கள், நாம் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டும் இருக்கிறோம்!

ஃபண்டு முதலீட்டைக் கூட்டவே கூடாது, நிறுத்த வேண்டும். மாதம் 3 சதவீதத்தை நிச்சயமாகத் தரும் ஃபண்டு எதுவும் கிடையாது. ஆனால் மாதம் 3 சதவீதத்தை நிச்சயமாக எடுத்துக்கொள்ளும் கடன் உங்களிடம் இருக்கிறது. இதுவரை போட்டது 60. அவசரத்துக்கு 10 விட்டுவிட்டு 50-ஐ எடுத்துக் கார்டில் கட்டுங்கள். நஷ்டத்தில் இருந்தாலும் எடுங்கள், அது ஏறும் என்று காத்திருக்க இந்த வட்டி விடாது. பாக்கி 92.

12 மாதத் தவணை பற்றி. பாதி வட்டிக்கு, அதாவது மாதம் 1.5 சதவீதத்துக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார்களாம். 92-க்கு 12 மாதம், மாதம் சுமார் 8.4, மொத்தம் 101. அதே 92-ஐ எதையும் மாற்றாமல், இப்போதிருக்கும் 3 சதவீதத்திலேயே மாதம் 20 கட்டி ஒழித்தால் ஐந்து மாதத்தில் 100, ஆறாவது மாதம் சில்லறை. பாதி வட்டி என்று சந்தோஷப்பட்டு வாங்கும் தவணையில்தான் சற்றுக் கூடுதலாகக் கட்டுகிறீர்கள், கட்டணம் தனி. ஆறு மாதத் தவணை கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் மாதம் 16, மொத்தம் 97. செயலாக்கக் கட்டணம் இரண்டைத் தாண்டாவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மாதம் 20 வழியே போதும். எதுவானாலும் அந்த ஆறு மாதம் கார்டு வீட்டு அலமாரியில் இருக்கட்டும். தவணையாக மாற்றியதும் கட்டக் கட்டக் கார்டில் இடம் காலியாகும், மறுபடி நிரப்பியவர்கள் எத்தனையோ பேர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள்.

கையில் 25, அதில் 20 கடனுக்கு, மீதி 5. மாதம் ஒரு தடவை நீங்களும் மனைவியும் நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டு வரலாம். அன்றைக்கு டெபிட் கார்டு.

நண்பர்கள் விஷயம் சுலபம். உட்காரும்போதே சர்வரிடம் 'பில் தனித்தனி' என்று சொல்லிவிடுங்கள். சாப்பிட்டு முடிந்தபின் சொன்னால் கூச்சமாக இருக்கும், முதலில் சொன்னால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. இஸ்ரேலில் பொருளியலாளர்கள் மூவர் ஒரு ரெஸ்டாரன்ட்டிலேயே சோதனை நடத்தி 2004-ல் வெளியிட்டார்கள். ஆறு ஆறு பேராக உட்கார வைத்தார்கள். அவரவர் பில் அவரவருக்கு என்றபோது ஆள் ஒன்றுக்குச் சராசரி சுமார் 37 ஷெக்கல். மொத்தத்தைச் சமமாகப் பிரிக்கலாம் என்றபோது 51. ஓசி என்றபோது 82.

மூன்றாவது எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கு யார் ஞாபகம் வந்தது என்று நான் கேட்கவில்லை.

மச்சான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முதல் தடவை நீங்கள் கொடுத்தீர்கள், புது மாப்பிள்ளை, மரியாதை. இரண்டாவது தடவையும் நீங்களே. மூன்றாவது தடவை அது வழக்கமாகிவிட்டது. இப்போது அவர் பர்ஸை எடுத்தால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்களோ என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். ஒரே ஒரு தடவை, பில் வரும்போது கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு பத்து விநாடி சும்மா இருந்து பாருங்கள். எடுத்தால் நல்லது. எடுக்காவிட்டால் அடுத்த முறை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். இரண்டு தடவை வெளியே போக அவர்களுக்காக நீங்கள் போட்ட 8-ல் கால்வாசிகூட ஆகாது, வந்தவர்களும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. மனைவிக்கு இந்த 142 தெரியுமா? கடிதத்தில் இரண்டு முறை தேடினேன், இல்லை. அவருக்குத் தெரியாமல் அவர் அண்ணன் விஷயத்தில் எதையும் தொடங்காதீர்கள். 'எங்க அண்ணன் சாப்பிட்டது கண்ணை உறுத்துதா' என்று ஆரம்பித்தால், இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. தாளை அவர் முன்னால் வையுங்கள். 8-ஐக் காட்டாதீர்கள், 142-ஐக் காட்டுங்கள். மீதியை அவரே கேட்பார். அண்ணனிடம் பேசுவதும் அவரே பேசட்டும்.

ஃபண்டிலிருந்து எடுக்கும் பணம் கணக்குக்கு வரச் சில வேலை நாட்கள் ஆகும். உங்கள் கார்டின் கடைசி தேதி 18. விண்ணப்பத்தை 10-ம் தேதிக்குள் போட்டுவிடுங்கள், பணம் விழுந்த அன்றே கார்டில் கட்டிவிடுங்கள். சம்பளக் கணக்கில் ஒரு ராத்திரிகூடத் தங்க விடாதீர்கள்.