லஞ்சக் கேள்வியள்: காசு குடுக்க முதல் கேளுங்கோ

இந்தமுறை வாசகர் அனுப்பின கேள்வியளில பாதிக்கு மேல லஞ்ச ஊழல் ஆணைக்குழு பற்றித்தான். கனபேர் திகதியும் எழுதேல்ல, ஆபீஸ் பேரும் எழுதேல்ல. ஏலுமானதுக்கு மட்டும் பதில் சொல்லுறன்.

முறைப்பாட்டைத் தமிழில எழுதலாமோ? – மல்லாவி

ஓம், தாராளமா. லஞ்ச ஊழல் ஆணைக்குழு, மலலசேகர மாவத்தை, கொழும்பு 7. அவசரமெண்டா 1954 எண்ட நம்பருக்குப் போன் அடியுங்கோ.

காணி பேமிட்டுக்கு ஒருத்தருக்கு இருபதாயிரம் குடுத்தனான், ஆறு மாசமா அலைக்கழிக்கிறார், இப்ப ஆளைப் பிடிச்சுக் குடுக்கலாமோ? – ஒட்டுசுட்டான்

இதே கேள்வி எத்தினை தரம் வரும் எண்டு தெரியேல்ல. அண்ணை, நீங்கள் கோவப்படுறது அவர் காசு கேட்டதுக்கில்லை, வாங்கிப்போட்டு வேலை செய்யாததுக்கு. பேமிட் கையில வந்திருந்தா இந்தக் கடிதம் எனக்கு வந்திராது, அந்தாளையும் நல்ல மனுசன் எண்டு ஊரெல்லாம் சொல்லியிருப்பியள். வாங்கிறது மாதிரி குடுக்கிறதும் சட்டத்தில குற்றம்தான். முந்தின 1954ஆம் ஆண்டு லஞ்சச் சட்டத்திலயும் அப்பிடித்தான் இருந்தது, 2023இல வந்த 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்திலயும் அப்பிடித்தான்.

ஆனா அதுக்காகப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். குடுத்தவரும் வாங்கினவருக்கு எதிரா சாட்சி சொல்லலாம். என்ன பிரச்சினையெண்டா, குடுத்து ஆறு மாசம் போனப்பிறகு உங்கட சொல்லை விட வேற என்ன கிடக்கு? சுற்றிவளைப்பு எண்டு பேப்பரில வாசிக்கிறியள்தானே, அது நடக்கிறது காசு கேட்டதுக்கும் குடுக்கிறதுக்கும் இடைப்பட்ட நேரத்தில. ஆணைக்குழு ஆக்கள் நோட்டு நம்பரைக் குறிச்சு வைச்சு, தங்கட ஆள் ஒருத்தரை உங்கட சொந்தக்காரன் மாதிரிக் கூட அனுப்பி, கை நீட்டி வாங்கேக்க பிடிப்பினம். அதுக்கு நீங்கள் முதல்லயே சொல்லியிருக்கோணும். "நாளைக்குக் கொண்டு வாங்கோ" எண்டு ஒருத்தர் சொன்னா, ஓம் எண்டு சொல்லிப்போட்டு வெளியில வந்து உடனே 1954. குடுக்க முதல். திருப்பிச் சொல்லுறன், குடுக்க முதல்.

இப்ப செய்யக்கூடியது: எந்தத் திகதி, எங்க வைச்சு, ஆர் பாத்தது, போன் மெசேஜ் ஏதும் கிடக்கோ எண்டு எல்லாத்தையும் ஒரு பேப்பரில எழுதி அனுப்புங்கோ. அவரிட்டப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம், மெசேஜ் எல்லாத்தையும் அழிச்சுப்போடுவார். பேமிட் என்ன நிலையில கிடக்கு எண்டதைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில பிரதேச செயலகத்திட்ட தனியாக் கேளுங்கோ, 14 வேலை நாளுக்குள்ள தாறமோ இல்லையோ எண்டு முடிவு சொல்லவேணும்.

பேர் போடாமல் பெட்டிசம் போட்டா எடுப்பினமோ? – நெடுங்கேணி

போடலாம். ஆனா "எங்கட ஜி.எஸ். (கிராம சேவையாளர்) பெரிய கள்ளன், நடவடிக்கை எடுக்கவும்" எண்டு மொட்டையா எழுதி ஜனாதிபதியில இருந்து ஆளுநர் வரைக்கும் கொப்பி போட்டா, வாசிக்கிறவன் எதைப் பிடிச்சு விசாரிக்கிறது? பேர் இல்லாட்டியும் பரவாயில்லை, திகதி, இடம், தொகை இருக்கோணும். இன்னொண்டு, ஆளை இடம் மாத்திறதுக்காகத் தெரிஞ்சுகொண்டு பொய் எழுதினா அது தனிக் குற்றம், மாட்டுப்படுறது நீங்கள்.

மணல் ஏத்துற டிப்பரை மறிச்சு லோட்டுக்குக் காசு கேக்கிறாங்கள். – கிளிநொச்சி

உங்களிட்ட பேமிட் இருக்கோ? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதேல்லயே தம்பி. இருந்தா 1954, அதுவும் குடுக்க முதல். இல்லையெண்டா முதல்ல பேமிட்டை எடுங்கோ.

வீட்டுத்திட்டப் பேர் லிஸ்டுக்காக ஒருத்தர் தனியா வரச்சொல்லி ஒருமாதிரிக் கதைக்கிறார், இதை எங்க சொல்லுறது? – முல்லைத்தீவுப் பக்கம், பெண் வாசகர்

இதுவும் லஞ்சம்தான் தங்கச்சி. காசு கேட்டாத்தான் லஞ்சம் எண்டில்லை, 2023ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் லஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கு. தனியாப் போக வேண்டாம். மெசேஜ், கோல் எதையும் அழிக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருத்தருக்கு இண்டைக்கே சொல்லிப்போட்டு 1954க்கு அடியுங்கோ. வெக்கப்படவேண்டியது நீங்கள் இல்லை.

நெல் வாங்குறவர் மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கிறார், ஆணைக்குழு பிடிக்குமோ? – துணுக்காய்

இல்லை. அது வியாபாரப் பிரச்சினை, பாவனையாளர் அதிகார சபையின்ர 1977 நம்பருக்கு அடியுங்கோ. எல்லாத்தையும் ஒரே இடத்தில கொண்டுபோய்க் கொட்டாதேங்கோ.

பிரதேச சபை உறுப்பினரும் சொத்து விவரம் குடுக்கவேணுமோ? – செட்டிகுளம்

ஓம், வருசா வருசம். மார்ச் 31இல என்ன சொத்து, என்ன கடன் எண்டு ஜூன் 30க்குள்ள குடுக்கவேணும். புது வீடு கட்டினவர் எல்லாம் கள்ளன் எண்டு நினைச்சு எனக்குப் படம் அனுப்ப வேண்டாம், வெளிநாட்டில பிள்ளையள் இருக்கிற வீடாயும் இருக்கலாம்.