குழந்தை வருவதற்குள் இரண்டாவது கார்: கேள்வி பதில்

வங்கியின் வாகனக் கடன் பிரிவில் இருந்தவள் என்பதால் கார் வாங்குவது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். இந்த முறை வந்தவை எல்லாமே பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகளின் கேள்விகள்.

கோவையிலிருந்து: அக்கா, எனக்கு இது ஏழாவது மாசம். இருக்கிற காரை அவர் ஆபீசுக்கு எடுத்துப் போய்விடுகிறார். எனக்கும் பாப்பாவுக்கும் ஒரு வண்டி வேண்டும். முதலில் எதைப் பார்ப்பது?

பின்சீட்டைப் பாரும்மா. சைல்டு சீட்டை முதலில் வாங்கிவிடுங்கள், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு கார் பார்க்கப் போங்கள். பின்சீட்டில் குஷனும் சாய்மானமும் சேருகிற இடுக்கில் விரலை விட்டால், சைல்டு சீட்டை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கம்பி தட்டுப்படும். அங்கே சைல்டு சீட்டைப் பின்னோக்கி, அதாவது குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி, மாட்டிவிட்டு, அதற்கு முன்னால் உள்ள சீட்டில் அவரை உட்காரச் சொல்லுங்கள். பல சின்னக் கார்களில் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும். இடித்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். ஐரோப்பாவில் சைல்டு சீட்டுக்கான ஐ-சைஸ் விதிப்படி குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பின்னோக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். அத்தனை மாதமும் முன்சீட்டில் இருப்பவர் ஒடுங்கி உட்கார முடியாது.

பின்கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்றும் பாருங்கள். ஆபரேஷன் ஆகியிருந்தால் குனிந்து குழந்தையை உள்ளே வைப்பதே பெரிய வேலை. கொஞ்சம் உயரமான வண்டி என்றால் அந்தச் சிரமம் பாதியாகக் குறையும்.

2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்ற, காரை மோதவிட்டுப் பார்க்கும் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு 32-க்கும், குழந்தை பாதுகாப்புக்கு 49-க்கும் என்று தனித்தனி மதிப்பெண் உண்டு. விற்பவர் 'அஞ்சு ஸ்டார்' என்றால், குழந்தைக்கு எத்தனை என்று கேளுங்கள்.

சென்னையிலிருந்து: மனைவி தனியாக ஓட்டும்போது குழந்தை கண்ணில் படுகிற மாதிரி முன்சீட்டில் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. ஏர்பேக் விரியும் வேகத்தில் நேராகச் சைல்டு சீட்டின் முதுகில் அறையும், உயிருக்கே ஆபத்து. பின்சீட்தான். குழந்தை அழுதால் ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மதுரையிலிருந்து: கையில் இருக்கிற பட்ஜெட்டுக்குப் பழைய வண்டிதான். எதில் ஏமாறுவோம்?

முதலில் விலையில். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு முந்தைய புது வண்டி விலையை வைத்துப் பழைய வண்டிக்குப் பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்தது வெள்ளத்தில் நின்ற வண்டி. பின்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மேலே எவ்வளவு துடைத்து வைத்திருந்தாலும், சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கறை கோடாகத் தெரியும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் பாருங்கள்.

இன்னொன்று. இரண்டு வண்டியில் எது பாதுகாப்பானதோ அதில்தான் குழந்தை போக வேண்டும். வீட்டில் இருப்பதே நல்ல வண்டி என்றால் அது அம்மாவுக்கு, வாங்குகிற வண்டி அப்பாவுக்கு. இதைச் சொன்னால் சில வீடுகளில் முகம் சுருங்குகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

திருச்சியிலிருந்து: பேங்க் 9 சதவீதம் கேட்கிறது, ஃபைனான்ஸ்காரர் 8 சதவீத ஃப்ளாட் ரேட் என்கிறார். எட்டுதானே லாபம்?

இல்லை. 5 லட்சம், 5 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளாட் ரேட்டில், அடைத்த அசலுக்கும் சேர்த்துக் கடைசி மாதம்வரை வட்டி ஓடும். வட்டி மட்டும் 2 லட்சம், மாதத் தவணை சுமார் 11,670 ரூபாய். பேங்க்கின் 9 சதவீதத்தில், மீதி அசலுக்கு மட்டும் வட்டி என்பதால், தவணை சுமார் 10,380, மொத்த வட்டி சுமார் 1.23 லட்சம். அந்த 'எட்டு' உண்மையில் 14 சதவீதத்துக்கு மேல்! எங்கே போனாலும் மாதத் தவணையையும் மொத்தமாகக் கட்டும் தொகையையும் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

சேலத்திலிருந்து: ஏழு வருஷமாக நீட்டினால் தவணை குறையுமே அக்கா?

குறையும், இதே 9 சதவீத பேங்க் கடனுக்கு சுமார் 8,045 ஆகும். ஆனால் வட்டி 1.76 லட்சத்துக்கு ஏறிவிடும். மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால் 26 வாரப் பேறுகால விடுப்புக்குச் சம்பளம் வரும், அதற்குப் பிறகுதான் இடிக்கும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் வேலையை விட்டவர்களைக் கடன் பிரிவில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு சம்பளத்திலேயே கட்ட முடிகிற தவணையாகப் பாருங்கள். ஐந்து வருஷத் தவணை கட்டுப்படியாகவில்லை என்றால், வண்டியின் விலையைத்தான் குறைக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்து முன்பணம் கட்டாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: இன்சூரன்ஸில் க்ளெய்ம் எதுவும் வாங்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி இருக்கிறதே, முதல் காரின் அந்த நோ க்ளெய்ம் போனஸை இரண்டாவதுக்கும் வாங்கலாமா?

முடியாது. அது ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான். முதல் காரை விற்றால் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நெல்லையிலிருந்து: பார்த்துவைத்த வண்டியின் ஆர்சியில் ஒரு பேங்க் பெயர் இருக்கிறது. கடன் முடிந்துவிட்டது என்கிறார் ஓனர்.

முடிந்திருந்தால் பேங்க்கின் என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று), ஆர்சியில் இருந்து பேங்க் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-ம் அவர் கையில் இருக்கும். அதை ஆர்டிஓவில் கொடுத்துப் பெயரை நீக்கிவிட்டு வரச் சொல்லுங்கள். அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் பார்த்து, நீங்கியது உறுதியான பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.