மகன் ராப் பாடப் போறாராம், பெத்தவங்க என்ன செய்யலாம்?

அக்கா, உங்கட வொய்ஸ் மெசேஜ் கேட்டேன். ஏலெவல்ல கொமர்ஸ் பாஸ், ஆனா கம்பஸும் வேணாம் சிமா எண்ட கணக்கியல் படிப்பும் வேணாம், கொட்டாஞ்சேனை ஃப்ரெண்டோட சேர்ந்து ஃபுல் டைம் ராப்தான் எண்டு மகன் ஒத்தக் கால்ல நிக்கிறார், அதுதானே விஷயம். நீங்க அனுப்பின பாட்டுகளையும் கேட்டேன். நல்லா எழுதுறாங்க. கார், காசு எண்டு கத்துற ராப் இல்ல, வெள்ளவத்தையில வாடகைக்கு வீடு தேடி அலையிறதைப் பற்றி ஒரு பாட்டு இருக்கு, ரெண்டு தரம் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அதால "இதெல்லாம் சரிவராது தம்பி" எண்டு என்னால ஒரு வார்த்தையில முடிக்க ஏலாது. படிப்பு போயிடுமோ எண்டுதான் உங்களுக்குப் பயம். எனக்கு அதைவிடப் பெரிய பயம், ரெண்டு பேரும் இவ்வளவு பாட்டு போட்டும் ஆருக்கு எவ்வளவு பங்கு எண்டு ஒரு துண்டு பேப்பர்லயும் எழுதி வைக்கேல்ல.

மகன் ரன் த ஜுவல்ஸ் எண்ட அமெரிக்க ராப் ஜோடியைக் காட்டி "அவங்களும் ரெண்டு பேர்தானே" எண்டு சொல்றாராம். நல்ல உதாரணம்தான், ஆனா முழுசா பாக்கச் சொல்லுங்க. அட்லாண்டாவில இருந்து கில்லர் மைக், புரூக்ளின்ல இருந்து எல்-பி, ரெண்டு பேரும் 1975ல பிறந்தவங்க. முதல் ஆல்பம் 2013ல வரேக்க கிட்டத்தட்ட நாற்பது வயசு, அதுக்கு முதல் ரெண்டு பேரும் தனித்தனியா வருஷக்கணக்கா உழைச்சவங்க, எல்-பி சொந்தமா லேபிளே, அதாவது பாட்டு வெளியிடுற கொம்பனியே, நடத்தினவர். அந்த ஆல்பத்தை இலவசமா டவுன்லோட் பண்ணக் குடுத்தாங்க, பிறகு வந்ததுகளையும் அப்பிடித்தான். பாட்டை சும்மா குடுத்திட்டு மேடையிலயும் டீஷேர்ட், ரெக்கோர்ட் வித்தும்தான் காசு பாக்கிறது. மேக்கிள்மோர், ரயன் லூயிஸ் எண்ட இன்னொரு அமெரிக்க ஜோடியும் 2012ல லேபிள் இல்லாம ஆல்பம் விட்டவங்கதான், ஆனா கடைகளுக்கு அனுப்ப வார்னர் எண்ட பெரிய மியூசிக் கொம்பனிட விநியோகப் பிரிவைக் காசு குடுத்து வைச்சுக்கொண்டாங்க. இன்டிபென்டன்ட் எண்டா எல்லாத்தையும் தனியா இழுக்கிறது எண்டு மகன் நினைக்கிறார் போல, அப்பிடி இல்ல. உங்களுக்குத் தெரிஞ்ச ஹிப்ஹாப் தமிழா ஆதியும் எஞ்சினியரிங், எம்பிஏ எல்லாம் படிச்சவர்தான், இதை நீங்க மகனுக்கு சொல்லிக் காட்டாதீங்க, நான் சொல்றேன், அம்மா சொன்னா எடுபடாது.

கொழும்பில கணக்கு எப்பிடி எண்டா, ஸ்பொட்டிஃபை இங்க 2021லதான் வந்தது. ஒரு தரம் கேட்டா வாறது அமெரிக்க சதத்தில ஒரு துண்டு, அதுவும் 2024ல இருந்து ஒரு பாட்டு 12 மாசத்தில 1000 தரம் ஓடினாத்தான் கணக்கிலயே எடுப்பாங்க. யூடியூப் விளம்பரக் காசுக்கு 1000 சப்ஸ்க்ரைபரும் வருஷத்துக்கு 4000 மணித்தியாலம் ஆக்கள் பாத்ததும் வேணும், அதுக்கு மேல அமெரிக்க வரி ஃபோர்மை நிரப்பாம விட்டா 24% வரைக்கும் வெட்டுவாங்க, பொடியன்மார் அதை நிரப்பாமலே விட்டிருப்பாங்க, கேட்டுப் பாருங்க. கல்யாண வீட்டு மேடையும் இவங்கட ஸ்டைலுக்கு சரிவராது. டிக்கெட் வாங்கி வாற ஆக்கள் கொழும்பைவிட டொரண்டோ, லண்டன் பக்கம்தான் கூட இருப்பாங்க, ஆனா அங்க கூப்பிட ஆக்களுக்கு இவங்களைத் தெரியணும், அதுக்கு வருஷங்கள் போகும்.

இப்ப பீட், அதாவது பாட்டுக்குப் பின்னால ஓடுற மியூசிக், அந்த விஷயம், இதிலதான் நிறையப் பேர் மாட்டுறாங்க. இவங்க நெட்ல இருபது முப்பது டொலருக்கு பீட் வாங்கி அதுக்கு மேல பாடுறாங்க. அது வாங்கினது இல்ல, லீஸ், வாடகைக்கு எடுத்த மாதிரி. அதே பீட்டை பிரேசில்ல ஒருத்தரும் பாரிஸ்ல ஒருத்தரும் எடுத்திருக்கலாம், இத்தனை ஸ்ட்ரீம் வரைக்கும்தான் எண்டு லிமிட்டும் இருக்கும், பாட்டு ஓடத் தொடங்கின பிறகு பார்த்தா திருப்பிக் காசு கட்டணும். அதோட அப்பிடியான பாட்டை யூடியூப் கன்டென்ட் ஐடியில (எங்கட பாட்டை வேற ஆரும் பாவிச்சா கண்டுபிடிக்கிற முறை) போட ஏலாது, தனி உரிமை இல்லாதபடியால. அதால ரெண்டு பேர்ல ஒருத்தர் பீட் செய்யவும் மிக்ஸ் பண்ணவும் படிச்சே ஆகணும். உங்கட மகனுக்கு காது நல்லா இருக்கு, அவரே படிக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில இராமநாதன் நுண்கலையும் மட்டக்களப்பில விபுலானந்த நிறுவகமும் நல்ல இடங்கள், ஆனா அங்க கர்நாடக சங்கீதம்தான் அடிப்படை, இவருக்கு வேண்டியது ஓடியோ எஞ்சினியரிங். அதை பார்ட் டைமா செய்துகொண்டு பக்கத்தில ஏஏடி எண்ட அடிப்படைக் கணக்கியல் படிப்பை முடிக்கட்டும், நான் பிடிவாதமா சொல்றேன், கணக்கு தெரிஞ்ச ராப்பரை ஏமாத்துறது கஷ்டம். இன்னொண்டு, இங்க டிவி ரேடியோ விளம்பரம் சிங்களத்தில எழுதி தமிழுக்கு மாத்துறதுதான் கனக்க, அந்தத் தமிழைக் கேட்டா உங்களுக்கே சிரிப்பு வரும். எதுகை மோனையோட எழுதத் தெரிஞ்ச, மைக்குக்கு முன்னால கூச்சமில்லாத ரெண்டு பொடியன்மாருக்கு ஜிங்கிள், வொய்ஸ் ஓவர் வேலை இருக்கு. ஆல்பத்துக்கு வேண்டிய காசு அதில வரும், உங்கட நகையில கை வைக்க வேண்டி வராது.

பேப்பருக்கு வாறன். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பாட்டு எழுதின உடனேயே பதிப்புரிமை தானா வந்திடும், எங்கயும் பதியத் தேவையில்ல. ஆனா சேர்ந்து எழுதினதில ஆருக்கு எவ்வளவு, ஒருத்தர் கனடா போயிட்டா பழைய பாட்டை மற்றவர் மேடையில பாடலாமா, யூடியூப் சேனல் ஆற்ற ஈமெயில்ல இருக்கு, இதெல்லாம் சட்டம் வந்து பேசி முடிச்சுத் தராது. குழுப் பேரை ட்ரேட் மார்க்கா பதியலாம், பத்து வருஷத்துக்கு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ரெண்டு பேருக்கும் இப்ப நல்ல ஒற்றுமை, இப்பவே எழுதிட்டா சண்டை இல்லாம முடியும்.

சனிக்கிழமை பின்னேரம் மகனையும் மற்றப் பொடியனையும் கூட்டிக்கொண்டு வாங்க, அவர்ட அம்மாவும் வந்தா நல்லம். பீட் வாங்கின ரசீது, லீஸ் பேப்பர் எல்லாம் ஈமெயில்ல இருக்கும், பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்க. அதுக்கு முதல் சிமா ஃபீஸை மட்டும் கட்டிடாதீங்க அக்கா, அந்தக் காசில ஒரு பங்கு இந்த ஓடியோ கோர்ஸுக்குப் போதும்.