ஊருணிக்குத் தண்ணீர் வரும் வழி: முகாம் மாணவர்களுக்குச் சில பதில்கள்

செட்டிநாட்டு ஊர்களில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஊருணி (ஊர்க் குடிநீர்க் குளம்), கண்மாய் (பாசன ஏரி) வேலை பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

காரைக்குடி கல்லூரி மாணவர்: ஐயா, ஏழு நாள் முகாமில் ஓர் ஆற்றைக் காப்பாற்ற முடியுமா?

ஆற்றில் இறங்க வேண்டாம் தம்பி, மேலே போங்கள். தேனாறு, விருசுழியாறு, பாம்பாறு எல்லாம் மழைக்கு ஓடுகிறவை. மேட்டில் விழுந்த மழை ஓடையாகி, கண்மாயில் தங்கி, கலுங்கு (நிரம்பிய தண்ணீர் வெளியேறும் இடம்) வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போய், மிச்சம்தான் ஆற்றுக்கு வருகிறது. ஓர் ஊர், ஓர் ஊருணி, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் என்று எடுத்துக்கொண்டால் ஏழு நாளில் உருப்படியான வேலை நடக்கும். ஆண்டுக்கு 120 மணி நேரம் வழக்கமான பணியும் உங்களுக்கு உண்டே, அதையும் அதே ஊருக்குக் கொடுங்கள். வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாறிக்கொண்டே இருந்தால் எந்த ஊருக்கும் பயனில்லை.

தேவகோட்டை மாணவி: வரத்துக்கால் எங்கே என்றே தெரியவில்லை. முள்ளும் குப்பையும்தான் இருக்கிறது.

முதல் நாள் மண்வெட்டியைத் தொடாதீர்கள். ஆடு மேய்ப்பவர்களையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு, ஊருணி வாயிலிருந்து மேடு நோக்கி நடங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் வரைபடம் இருக்கும், ஒத்துப் பாருங்கள். தரையின் வாட்டம் (சரிவு) தெரியாத இடத்தில் கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணி டியூப் போதும். காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை வரை அளந்தால் எது பள்ளம், எவ்வளவு பள்ளம் என்பது தெரிந்துவிடும்.

சாலை குறுக்கிடும் இடத்தைக் குறிப்பாகப் பாருங்கள். அடியில் போட்ட குழாய் பிளாஸ்டிக் பையும் மண்ணும் சேர்ந்து அடைத்திருக்கும். சில இடத்தில் குழாயே கால்வாய்த் தரையைவிட உயரத்தில் இருக்கும். அதை மாணவர்கள் சரிசெய்ய முடியாது. படம் எடுத்து, அளவு குறித்து, ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். என்னைக் கேட்டால், கரையில் நூறு கன்று நடுவதைவிட இந்தக் குறிப்பு பெரிய சேவை.

சென்னையில் வசிக்கும் பள்ளத்தூர் ஆச்சி: எங்கள் ஊர் ஊருணியை ஜேசிபி வைத்து நன்றாக ஆழப்படுத்தலாமா? செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நல்ல மனசு ஆச்சி. ஆனால் வண்டலை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் களிமண்தான் தண்ணீரை நிறுத்துகிறது. அதை உடைத்து மணலைத் தொட்டுவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே இறங்கிவிடும். செம்புறாங்கல் படிக்கட்டை ஒட்டியும் தோண்ட வேண்டாம், சரிந்துவிடும். பேரூராட்சியில் முறையாகத் தீர்மானம் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம், பணத்தில் ஒரு பங்கை வரத்துக்காலுக்கு ஒதுக்குங்கள். அது அடைபட்டிருந்தால் ஆழமான ஊருணியும் வெறும் பள்ளம்தான்.

தேசியப் பசுமைப்படை (பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம்) பொறுப்பாசிரியர்: பிள்ளைகளை வைத்துக் கரையில் பனை விதை நடலாமா?

தாராளமாக. ஆவணி, புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை பார்த்துக்கொள்ளும். பத்தடி இடைவெளி விடுங்கள், கலுங்கு, மடைப் பக்கம் வேண்டாம். முளை முதலில் கீழே கிழங்காக இறங்கும், மேலே இலை வர மாதங்கள் ஆகும். ஒன்றும் வரவில்லையே என்று பிள்ளைகள் தோண்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாணவியின் தந்தை: பாம்பு, முள் பயமில்லையா?

பயம் நியாயமானது. மூடிய காலணி, கையுறை, முதலுதவிப் பெட்டி கட்டாயம். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பெரிய சீமைக் கருவேல மரத்தை இயந்திரத்துக்கு விட்டுவிட வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது அதன் சின்னக் கன்றுகளை வேரோடு பிடுங்குவது மாணவர் வேலை. வெட்டி விட்டால் மறுபடி தழைக்கும்.

கல்லல் பக்கத்து இளைஞர்: அண்ணே, முகாம் முடிந்து மாணவர்கள் போன பிறகு நாங்கள் என்ன செய்வது?

ஐப்பசி மழை பலத்துப் பெய்து ஓய்ந்ததும், குடையோடு நாலு பேர் வரத்துக்காலோரம் நடந்து பாருங்கள், இடி மின்னல் இல்லாத நேரமாக. தண்ணீர் எங்கே திரும்புகிறது, எந்த இடத்தில் தேங்குகிறது என்று செல்போனில் படம் பிடியுங்கள். நவம்பர் 1 கிராம சபை நடக்கும். அதில் அந்தப் படங்களைக் காட்டி, எந்த இடத்தில் என்ன வேலை என்று தீர்மானத்தில் எழுத வையுங்கள். கண்மாய் என்றால் முதலில் யாருடையது என்று விசாரியுங்கள்: 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை நீர்வளத்துறையிடம், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். மனுவை அதற்கேற்றபடி கொடுங்கள், நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.