‘கெட்’டை அடிக்காதீர்கள், டீச்சர்

வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். சில வருடம் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி, கட்டுரையில் ‘இட் ஹேட் காட்டென் லேட்’ என்று எழுதியிருந்தாள். ‘கெட்’டின் வடிவமாக அவள் எழுதிய ‘காட்டென்’ தப்பு, ‘காட்’தான் சரி என்று அடித்தேன். அவள் அப்பா வந்து அது சரிதான் என்கிறார். எது சரி? ‘கெட்’ என்ற ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம்? எல்லாவற்றையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லலாமா? நல்ல அகராதிச் செயலி எது?

ஓர் ஆசிரியை, சேலம்

அன்புள்ள டீச்சர்,

செயலி எதுவானாலும் சரி, வாக்கியம் கொடுத்து விளக்கினால் போதும். அந்தப் பெண் எழுதியது அமெரிக்க வழக்கில் சரி. ‘நம் பாடத்தில் காட் என்று எழுதுவோம்’ என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். தப்பு என்று அடித்தீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1611-இல் இங்கிலாந்தில் அச்சான ஆங்கில பைபிளில், காயீனைப் பெற்றெடுத்த ஏவாள் ‘ஐ ஹாவ் காட்டென் எ மேன்’ என்கிறாள். கடல் கடந்து குடியேறியவர்களோடு போன வடிவம் அது. அங்கே நிலைத்தது, இங்கிலாந்தின் பொதுவழக்கில் பிற்பாடு தேய்ந்துபோனது. ‘ஃபர்காட்டென்’னை மட்டும் அவர்களும் இன்றுவரை விடவில்லை. அமெரிக்கர்கள் இரண்டு வடிவத்துக்கும் வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ‘ஹாவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது. ‘ஹாவ் காட்டென் எ கார்’ என்றால் கார் ஒன்று கைக்கு வந்துவிட்டது.

உங்கள் கடிதம் வந்த சமயத்தில் நானும் இந்தச் சொல்லைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் பள்ளி ஆசிரியர் ஒருவர், ‘காட்’ வரும் இடத்தையெல்லாம் சுழித்து ‘ஆப்டெய்ன்ட்’, ‘ரிசீவ்ட்’ என்று மேலே எழுதுவார். ‘கெட்’ படிக்காதவன் பேசுகிற சொல் என்பார். பல வருடம் அதற்குப் பயந்தே எழுதினேன். அந்தப் பயம் ஒரு பிள்ளையின் கையை எப்படி விறைக்க வைக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், அந்தச் சொல்லின் குடும்பம் எவ்வளவு பெரியது என்று பார்த்திருக்கிறீர்களா?

பற்றிப் பிடிப்பது என்ற பொருளுள்ள ஒரே பழைய வேரிலிருந்து வந்த சொற்கள் இங்கிலாந்துக்குள் மூன்று வழியாக நுழைந்தன. பழைய ஆங்கிலத்தில் அந்த வினை தனியாகப் புழங்கவில்லை என்றே சொல்லலாம். ‘ஃபர்கெட்’, ‘பிகெட்’ போல ஒட்டுச் சேர்ந்துதான் வந்தது. ‘ஃபர்கெட்’ என்றால் பிடியை நழுவவிடுவது. அப்புறம் ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்து வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்களுடைய ‘கெட்டா’தான் இன்றைய ‘கெட்’. ஐஸ்லாந்து மொழியில் அதே சொல் இப்போதும் ‘முடியும்’ என்ற பொருளில் வாழ்கிறது. மூன்றாவது வழி லத்தீன். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் பிரெஞ்சு வழியாகவும், பிற்பாடு நேரே லத்தீனிலிருந்தும் ‘ப்ரிசன்’, ‘சர்ப்ரைஸ்’, ‘அப்ரெண்டிஸ்’, ‘காம்ப்ரிஹெண்ட்’ எல்லாம் வந்து சேர்ந்தன.

அந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். புரிந்தது என்பதற்குப் பிள்ளை ‘ஐ காட் இட்’ என்று எழுதினால் அடிக்கிறோம், ‘ஐ காம்ப்ரிஹெண்டட் இட்’ என்று எழுதினால் ‘குட்’ போடுகிறோம். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் உள்ளே இருப்பது கையால் பற்றுவதுதான். ஒருத்தி வைக்கிங் படகில் வந்தாள், இன்னொருத்தி லத்தீன் படித்தவர்களோடு வந்தாள். யாரோடு வந்தாள் என்பதை வைத்து மரியாதை கொடுப்பது எந்த ஊர் நியாயம்? இதைச் சொல்லித்தர வேண்டிய நாமே மனுவும் அலுவலகக் கடிதமும் எழுதுகிற ஆங்கிலத்தைப் பிள்ளைகளின் கையில் திணிக்கிறோம். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

அர்த்தம் ஏன் இத்தனை என்றால், அவை தனித்தனியாக முளைத்தவை இல்லை. முதலில் பொருள் கைக்கு வந்தது: ‘கெட் எ லெட்டர்’. அப்புறம் ஆள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்: ‘கெட் ஹோம்’. பிறகு ஒரு நிலைக்கே போய்ச் சேர்ந்தார்: ‘கெட் வெட்’, ‘கெட் டயர்ட்’. உங்கள் மாணவியின் ‘லேட்’டும் இந்த வரிசைதான். ஒன்றைப் பிடித்தால் அடுத்தது தானாக வரும்.

பட்டியல் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. முப்பது அர்த்தம் ஒப்பித்த பிள்ளைக்கு ஒரு வாக்கியம் எழுத வராது. ‘கெட் ஓவர்’ என்றால் காய்ச்சலையோ துக்கத்தையோ தாண்டி வருவது, ‘கெட் அலாங்’ என்றால் ஒருவரோடு ஒத்துப்போவது. பின்னால் நிற்கிற அந்தச் சின்னச் சொல்தான் திசை காட்டுகிறது. வகுப்புக்கு இரண்டு போதும், தங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதில் சிலவற்றை எனக்கும் அனுப்பிவையுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.