கிளப்பை வாங்கப்போகும் குழுவுக்கு ரசிகர் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: வட இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறேன். நானும் மகனும் உள்ளூர்க் கால்பந்து கிளப்பின் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறோம். வெளிநாட்டைச் சேர்ந்த உரிமையாளர் வீரர்களுக்குச் சம்பளத்தைத் தாமதமாகத் தருகிறார். மைதானமும் அவருடைய வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. வளைகுடா முதலீட்டாளர் குழு ஒன்று கிளப்பை வாங்கப்போவதாகச் சொல்லும் ஒரு தரகர், ரசிகர்கள் ஆளுக்கு 5,000 பவுண்டு போட்டால் பங்கும் நிர்வாகக் குழுவில் இடமும் உண்டு என்கிறார். அரசின் புதிய ஒழுங்குமுறை ஆணையம் இருப்பதால் பணத்துக்கு ஆபத்தில்லை என்றும் சொல்கிறார். முன்பதிவுக்கு 250 பவுண்டு கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஆணையத்தின் பெயரைச் சொல்லி அவர் தரும் உறுதிக்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

2025 ஜூலையில் ஒப்புதல் பெற்ற கால்பந்து நிர்வாகச் சட்டம், பிரீமியர் லீக் முதல் நேஷனல் லீக் வரையிலான ஐந்து அடுக்குகளின் 116 கிளப்களை ஒரு சுதந்திர ஆணையத்தின் கண்காணிப்பில் கொண்டுவருகிறது. கிளப் இயங்க உரிமம் வேண்டும். வாங்க வருபவரின் நேர்மை, பணம் வந்த வழி, கிளப்பை எப்படி நடத்தப்போகிறார் என்ற நிதித் திட்டம் ஆகியவற்றை ஆணையம் சோதிக்கும். ஏற்கெனவே இருக்கும் உரிமையாளர் மீது நியாயமான சந்தேகம் எழுந்தால் அவரையும் சோதிக்கலாம். வெளிநாட்டவர் என்பது மட்டும் எந்த நிலையிலும் தடையாகாது. 2021-இல் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் நியூகாசில் கிளப்பின் 80 சதவீதத்தை வாங்கியதை நீங்கள் அறிவீர்கள். இவையெல்லாம் கிளப்பையும் அதன் உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் விதிகள். ஒரு ரசிகர் தனிப்பட்ட முறையில் ஒரு தரகரின் வங்கிக் கணக்கில் போடும் பணத்தை இவற்றில் எதுவும் காப்பாற்றாது.

தரகர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கிளப் தள்ளாடும் ஒவ்வொரு முறையும் இவர்கள் வந்துவிடுகிறார்கள். 'வாங்கப்போகிறார்கள்' என்பதற்கும் 'வாங்கினார்கள்' என்பதற்கும் இடையே எத்தனையோ பேரங்கள் செத்துப்போகின்றன. அமெரிக்காவின் 777 பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 2023 செப்டம்பரில் எவர்ட்டன் கிளப்பை வாங்க ஒப்பந்தம் போட்டது, கிளப்புக்குப் பெருந்தொகையைக் கடனாகவும் தந்தது. ஆனாலும் 2024 மே இறுதியில் அந்தப் பேரம் காலாவதியானது. பிரீமியர் லீக் கிளப்புக்கே இந்த நிலை என்றால், வாங்குவதற்குப் பணம் இருக்கிறது என்று உங்கள் தரகர் ஒரு 'நிதி ஆதாரக் கடிதம்' காட்டினால் அது எவ்வளவு பெறும் என்று யோசியுங்கள். எந்த வங்கி, யாருடைய கணக்கு, எந்த நிபந்தனையில் என்பவை இல்லாத கடிதம் வெறும் தாள்தான்.

இதைவிடக் கசப்பான பாடம் நாட்ஸ் கவுன்ட்டியினுடையது. 1862-இல் தொடங்கப்பட்ட அந்தக் கிளப்பின் பெரும்பான்மைப் பங்கு ரசிகர் அறக்கட்டளையின் கையில் இருந்தது. 2009-இல் மன்ட்டோ பைனான்ஸ் என்ற நிறுவனம் மத்தியக் கிழக்குச் செல்வந்தர்களின் பின்பலத்தோடு வருவதாகச் சொன்னதை நம்பி, ரசிகர்களே வாக்களித்துத் தங்கள் பங்குகளை விட்டுக்கொடுத்தார்கள். இங்கிலாந்து தேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஸ்வென் யோரான் எரிக்சனே கால்பந்து இயக்குநராக வந்து சேர்ந்தார். சொன்ன பணம் வரவே இல்லை. சில மாதங்களில் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது, கடன் மட்டும் மிஞ்சியது. அந்த ரசிகர்கள் ஏமாளிகள் அல்லர். கிளப்பின் மீது அவர்கள் வைத்த அன்பையே பிறர் பயன்படுத்திக்கொண்டார்கள். உங்களிடம் 250 பவுண்டு வாங்கியவரும் அதையேதான் செய்கிறார்.

அடுத்து மைதானம். இங்கே புதிய சட்டத்தின் எல்லையைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆணையத்தின் முன் ஒப்புதல் இன்றி ஒரு கிளப் தன் மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு கிளப்புக்கு உரிமை இருக்கும் மைதானத்துக்குத்தான். சட்டம் வருவதற்கு முன்பே உரிமையாளர் அதைத் தன் இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தால், அந்த மாற்றத்தை இச்சட்டம் பின்னோக்கிச் சென்று ரத்து செய்யாது. ஷெஃபீல்ட் வெட்னெஸ்டே கிளப்பின் அப்போதைய தாய்லாந்து உரிமையாளர் ஹில்ஸ்பரோ மைதானத்தைத் தன் நிறுவனத்துக்கே சுமார் 60 மில்லியன் பவுண்டுக்கு விற்றார். ரெடிங் கிளப்பின் மைதானமும் அப்படித்தான் பிரிந்தது. உங்கள் கிளப்பும் இந்த வரிசையில் இருக்கிறது. ஆயினும் ஒரு பிடி உண்டு: மைதானம் யார் பெயரில் இருந்தாலும், கிளப் வேறு இடத்துக்குப் போய் ஆட ஆணையத்தின் ஒப்புதல் தேவை. ஆகவே நிலத்தைக் காலிசெய்து வீடு கட்டி விற்கலாம் என்ற கணக்கு முன்போல எளிதில்லை. புதிதாக யார் வந்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மைதானமும் விலையில் சேர்கிறதா என்பதே. சேரவில்லை என்றால் அவர் வாங்குவது ஒரு பெயரையும் ஒரு கடன் பட்டியலையும்தான்.

இங்கிலாந்தில் கால்பந்து கிளப்களை இதுவரை மேற்பார்வையிட்டு வந்த முறையின் மீது எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. பெரி கிளப்பை 2018-இல் ஒருவர் ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அதை நடத்தப் பணம் இருக்கிறதா என்பதற்கான ஆதாரம் பேரம் முடியும் முன் லீக்கின் கைக்கு வரவில்லை. 2019 ஆகஸ்டில், 125 ஆண்டுகள் லீக்கில் ஆடிய அந்தக் கிளப் வெளியேற்றப்பட்டது. 2020-இல் விகன் கிளப், ஹாங்காங்கைச் சேர்ந்த புதிய கைக்கு மாறி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. ஷெஃபீல்ட் வெட்னெஸ்டேயும் 2025 அக்டோபரில் அதே நிலையை அடைந்தது. அதற்குத் தண்டனையாக உடனே 12 புள்ளிகள் பறிபோயின. புள்ளி இழந்தது அணி, தரமிறங்கும் அச்சத்தில் தவித்தது ரசிகர். சம்பளம் தராதவரைத் தண்டிக்க ஆட்டம் ஆடியவர்களின் புள்ளியைப் பிடுங்கும் முறையை எத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

ரசிகராகப் பணம் போட்டே தீர வேண்டும் என்றால், அதற்கு ரசிகர் அறக்கட்டளை இருக்கிறது. அது சமூக நலச் சங்கமாக, நிதித் துறையைக் கண்காணிக்கும் வேறோர் அமைப்பான நிதி நடத்தை ஆணையத்திடம் (FCA) பதிவு பெற்றிருக்க வேண்டும். அதில் எவ்வளவு போட்டாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். போர்ட்ஸ்மத் கிளப்பை 2013-இல் ரசிகர்கள் மீட்டதில் இப்படிப்பட்ட அறக்கட்டளைக்குப் பெரும் பங்கு உண்டு. நிர்வாகக் குழுவில் இடம் தருகிறேன் என்று பணம் கேட்கும் எவரும் இந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இது. நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் தரகரின் நிறுவனப் பெயரை இட்டுப் பாருங்கள், கட்டணம் இல்லை. அது எப்போது தொடங்கப்பட்டது, கட்டுப்பாடு யார் கையில், கணக்குத் தாக்கல் செய்திருக்கிறதா என்பது தெரியும். கிளப்பின் பக்கத்தில் அடமானப் பதிவுகளையும் பாருங்கள். மைதானம் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் இருந்தால், 2022 முதல் அதன் உண்மையான பயனாளர் பெயரையும் பதிவு செய்தாக வேண்டும். அதுவும் அங்கேயே கிடைக்கும். பிறகு 250 பவுண்டைத் திருப்பித் தருமாறு தரகருக்கு எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். அவர் பதிலுக்காகக் காத்திராமல் இன்றே உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள், ஏனெனில் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.